ஸ்பிளெண்டர் ஒயில் மாற்ற டோர்க் ரெஞ்ச் தேவையா? மச்சான் கொண்டுவருவதை வாங்கலாமா?

ஒட்டுசுட்டான் மீன்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டானில் இருக்கிறேன், மோட்டார் சைக்கிளில் மீன் வியாபாரம். விடிய முன்னம் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மீன் எடுத்து, முத்தையன்கட்டு இடதுகரை, பிறகு ஒலுமடு, அம்பகாமம் பக்கம் என்று விற்றுக்கொண்டு போவேன். வண்டி, ஹீரோ ஹொண்டா என்ற பெயரோடு வந்த காலத்து ஸ்பிளெண்டர். பின்னால் றெஜிபோம் பெட்டி, ஐஸ், மீன் என்று நல்ல பாரம். அப்படி ஓடியும் எஞ்சின் இன்னும் பிரிக்காத எஞ்சின். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

விசயம் இதுதான். போன மாரிக்கு முன்னம் ஒரு கராஜில் ஒயில் மாற்றக் கொடுத்தேன். வேலை செய்த பொடியன் அடியில் உள்ள சம்ப் நட்டை (பழைய ஒயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) 17 ரிங் ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, எழும்பி நின்று ஸ்பேனரில் காலால் ஒரு மிதி மிதித்தான். "தம்பி, காணும்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மிதித்துவிட்டான். அடுத்த முறை கழற்றும்போது நட்டோடு சேர்ந்து அலுமினிய மரையும் சுருள் சுருளாக வந்தது. கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில் ஹெலிகொயில் (போன மரைக்குப் பதில் துளைக்குள் வைக்கும் கம்பிச் சுருள் மரை) போட்டுத் தந்தார்கள். இப்போது ஒழுக்கு பெரிதாக இல்லை, ஆனால் இரவு நிறுத்தினால் காலையில் நட்டின் தலை ஈரமாக இருக்கிறது. வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் வியாபாரமும் இல்லை. சில வாடிக்கை வீடுகள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிட்டன.

இனி ஒயிலை நானே மாற்றுவது என்று முடிவு. கனடாவில் இருக்கும் மச்சான் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். தன் காருக்கு வைத்திருக்கும் டோர்க் ரெஞ்சை (வைத்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று காட்டும் ரெஞ்ச்) கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அது சொக்கட் மாட்டும் முனை அரை இஞ்சி, 20 முதல் 150 வரை என்று எழுதியிருக்கிறதாம். இங்கே ஹாட்வெயார் கடையில் நான் கண்டதும் அரை இஞ்சிதான், 28 முதல் 210 வரை. இந்த இரண்டில் எது என் வண்டிக்குச் சரி? ஒரு ஒயில் நட்டுக்கு உண்மையாகவே இப்படி ஒரு சாமான் வேண்டுமா, அல்லது கைப்பழக்கம் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளம் சந்தி

அண்ணை, நான் சொல்வது கைப்பழக்கம் போதும் என்றுதான். விரலால் இறுகும் வரை சுற்று, பிறகு ஸ்பேனரைக் கிட்டப் பிடித்து மணிக்கட்டு பலத்தால் ஒரு இழுவை. வொஷர் நசிவது கைக்குத் தெரியும், அதோடு நிறுத்து. எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான், ஒரு மரையும் போகவில்லை. காலால் மிதிக்கிற ஆளுக்கு டோர்க் ரெஞ்ச் கொடுத்தால் அதையும் மிதிப்பான். காசை மிச்சம் பிடித்து நல்ல ஒயிலாக வாங்கி ஊற்றுங்கோ.

விசுவமடு ஸ்பேனர்

மீன்பெட்டி அண்ணை, நான் விசுவமடுவில் சின்ன கராஜ் வைத்திருக்கிறேன், இரண்டு சில்லு வண்டி மட்டும். அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்துவிட்டு வந்தவன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் மச்சானின் ரெஞ்ச். அதை வாங்காதீர்கள். அதில் 20 முதல் 150 என்று இருப்பது அநேகமாக அடி-இறாத்தல்; அதுவும் நியூட்டன் மீற்றரும் திருப்பும் பலத்தை அளக்கும் இரண்டு அலகுகள். நீங்கள் கடையில் கண்ட 28 முதல் 210 நியூட்டன் மீற்றரும் அதே ரெஞ்ச்தான், அளவு எழுதிய முறை மட்டும் வேறு. ஹொண்டாவின் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் 12 மில்லிமீற்றர் சம்ப் நட்டுக்குக் கொடுத்திருக்கும் அளவு 24 நியூட்டன் மீற்றர். உங்கள் ஸ்பிளெண்டரின் எஞ்சினும் அந்தப் பரம்பரைதான். ஆனாலும் வண்டியின் சேவிஸ் புத்தகம் கையில் கிடைத்தால் அதில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். 24 நியூட்டன் மீற்றர் என்பது கிட்டத்தட்ட 18 அடி-இறாத்தல். ஆகவே இரண்டு ரெஞ்சிலுமே உங்கள் அளவு கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. வேறொரு ஆபத்தும் உண்டு. 24 என்று எங்கேயோ வாசித்துவிட்டு மச்சானின் ரெஞ்சில் 24 வைத்து இறுக்கினால், அது 32 நியூட்டன் மீற்றருக்கு மேல். ஹெலிகொயில் போட்ட துளைக்கு அது வேண்டாத வேலை.

கோட்டின் அடிப்பக்கத்தை நம்பவும் கூடாது. டோர்க் ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789 என்று ஒரு தரம் இருக்கிறது. 10 நியூட்டன் மீற்றருக்கு மேற்பட்ட ரெஞ்சுகளுக்கு நூற்றுக்கு நாலு கூடக்குறைய இருக்கலாம் என்கிறது, அதையும் ரெஞ்சின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் பார்க்கிறது. 210 வரை போகும் ரெஞ்ச் என்றால் 42க்குக் கீழே யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதோடு பெரிய ரெஞ்சில் சின்ன அளவு வைத்தால் 'டிக்' என்ற சத்தமும் உதைப்பும் மிக மெல்லியதாக இருக்கும். பக்கத்தில் தண்ணிப் பம்பு ஓடினால் கேட்கவே கேட்காது. ஆள் இன்னும் இழுப்பார், இன்னும் இழுப்பார், மரை போகும். அந்த வகையில் பார்த்தால் பிழையான ரெஞ்சை விட மாங்குளம் அண்ணை சொன்ன மணிக்கட்டு எவ்வளவோ மேல்.

மச்சானிடம் மூன்றெட்டு (3/8) இஞ்சி, 10 முதல் 60 நியூட்டன் மீற்றர் வரையான ரெஞ்ச் ஒன்று கேளுங்கோ. அதில் 24 நடுப்பக்கத்தில் வரும். 17 சொக்கட்டும் அதே மூன்றெட்டுக்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும்.

அந்தப் பொடியன் மிதித்ததில் என்ன நடந்தது என்று கணக்குப் பார்ப்போம். ஸ்பேனர் 20 சென்ரிமீற்றர் நீளம் என்று வையுங்கோ. 60 கிலோ ஆள் அதன் நுனியில் ஏறி நின்றால் 118 நியூட்டன் மீற்றர். வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. அதே ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ இழுவை இழுத்தால் 24 வந்துவிடும். 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 24 குறைவு என்று சிலர் என்னோடு சண்டை பிடிப்பார்கள். ஹொண்டாவின் பொது அட்டவணையில் 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 54 போட்டிருப்பது உண்மைதான். அது இரண்டு துண்டை நெரித்துப் பிடிக்கும் போல்ட்டுக்கு. சம்ப் நட் ஒன்றையும் பிடித்து வைத்திருப்பதில்லை. வொஷரை நசித்து ஒயிலை அடைத்தால் அதன் வேலை முடிந்தது. எதிரே இருப்பது மெல்லிய அலுமினியம். அதனால்தான் பாதிக்கும் குறைவாகப் போட்டிருக்கிறார்கள்.

இனி, உங்கள் வண்டிக்கென்றே ஒரு விசயம். உங்கள் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி மீன் தண்ணி வடியும். அது உப்புத் தண்ணி. சைலென்சர், சில்லு என்று இறங்கி எஞ்சினின் அடி வரை வரும், மேலே கிரவல் ரோட்டுப் புழுதி போய் ஒட்டும். இரும்பு நட்டும் அலுமினிய எஞ்சினும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணி நின்றால் அலுமினியம் அரிக்கும். மீன்காரர்கள் என்னிடம் கொண்டுவரும் வண்டிகளில் நட்டின் தலையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு ஒன்று இருக்கும், நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். உங்கள் வண்டியிலும் குனிந்து பாருங்கோ, கட்டாயம் இருக்கும்.

அந்தப் பொருக்கு மரைக்குள்ளும் போகும். டோர்க் ரெஞ்ச் அளப்பது நாம் திருப்பும் பலத்தைத்தான், வொஷர் எவ்வளவு நசிந்தது என்று அதற்குத் தெரியாது. சுத்தமான போல்ட்டிலேயே நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பாதி தலைக்குக் கீழே உராய்வில் போகிறது, மரை உராய்வில் இன்னொரு பெரிய பங்கு போகிறது, போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது பத்தில் ஒன்று மாதிரி. மரையில் உப்பும் மண்ணும் இருந்தால் அந்தப் பத்தில் ஒன்றும் கிடைக்காது. எண்ணெய் காய்ந்த கப்பியில் கிணற்று வாளி இழுப்பது போல, கை நோகும், வாளி ஏறாது. ரெஞ்ச் 24இல் டிக் என்கிறது, வொஷரோ நசியவே இல்லை, அடுத்த நாள் ஒயில் கசிகிறது. "ரெஞ்ச் பிழை" என்று இன்னும் இறுக்குவார்கள். அங்கேதான் மரை போகிறது. உங்கள் நட்டின் தலை ஈரமாக இருக்கிறதென்றால் இன்னும் இறுக்கிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

ஆகவே வேலை இப்படி. வண்டியை நடு ஸ்டாண்டில் சமதரையில் வைத்து, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கோ. கழற்ற முன்னமே நட்டைச் சுற்றி வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கழற்றும்போது அந்தப் பொருக்கு மரையை உரசிக்கொண்டு வரும். கழற்றுவதற்கு ரிங் ஸ்பேனர்தான். டோர்க் ரெஞ்சால் ஒருநாளும் தளர்த்தாதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் அளவு போய்விடும். ஒயில் வடியட்டும், அவசரப்பட வேண்டாம். நட்டின் மரையையும் வொஷர் உட்காரும் எஞ்சின் முகத்தையும் துணியால் நன்றாகத் துடையுங்கோ. பழைய வொஷர் அந்த முகத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும், தடவிப் பாருங்கோ. அதன் மேல் புதியதைப் போட்டால் இரண்டு வொஷராகி ஒழுகும். நட்டை விரலாலேயே கடைசி வரை சுற்ற முடிய வேண்டும். நடுவில் இறுகினால் ஸ்பேனரைத் தொடாமல், திருப்பிக் கழற்றி என்னவென்று பார்க்க வேண்டும். கடைசி வரை விரலால் போன பிறகு டோர்க் ரெஞ்ச், கைப்பிடியின் நடுவில் பிடித்து, மெதுவாக ஒரே இழுவை. டிக் வந்தால் கையை எடுத்துவிடுங்கோ. "இன்னொருக்கா" என்று இழுக்கக்கூடாது, ஒவ்வொரு டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்.

ஒயிலை ஊற்றும்போது ஒரு லீற்றர் போத்தலை அப்படியே கவிழ்க்காதீர்கள், அந்த எஞ்சினுக்கு ஒயில் மாற்றும்போது முழு லீற்றர் போகாது. அளவுக் கம்பியைச் சுற்றி இறுக்காமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கோ. வடித்த ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் அதைச் செய்ய வேண்டாம். மாரியில் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் ஹெலிகொயில். சரியாகப் போட்ட ஹெலிகொயில் பழைய அலுமினிய மரையை விடப் பலம், பயப்பட வேண்டாம். ஆனால் துளையை ட்ரில் பண்ணும்போது கொஞ்சம் சரிந்திருந்தால் நட்டின் தலை முகத்தில் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். எவ்வளவு இறுக்கினாலும் மற்றப் பக்கத்தால் கசியும். அடுத்த முறை ஒயில் வடிந்த பிறகு வொஷர் இல்லாமல் நட்டை விரலால் தலை முட்டும் வரை சுற்றி, கீழே படுத்து ரோச் லைட் அடித்துச் சுற்றிவரப் பாருங்கோ. ஒரு பக்கம் வெளிச்சம் ஊடே தெரிந்து மறு பக்கம் ஒட்டியிருந்தால் காரணம் அதுதான். ஒரு துண்டுக் கடதாசியைச் செருகிப் பார்த்தாலும் தெரியும்.

டோர்க் ரெஞ்ச் வேண்டுமா என்று கேட்டீர்கள். மாங்குளம் சந்தியில் நிற்பவருக்கு நாலு கராஜ் கூப்பிடு தூரத்தில். உங்களுக்கு அம்பகாமக் காட்டு ரோட்டில் நட் கழன்று ஒயில் கொட்டினால், நீங்கள் கவனிக்கும்போது எஞ்சின் இறுகியிருக்கும். மீனும் பழுதாகும். அந்த எஞ்சினின் கேஸ் (வெளிக்கூடு) இனிப் புதிதாகத் தேடினாலும் இலேசில் கிடைக்காது. அதனால் உங்களுக்கு வேண்டும் என்பதே என் முடிவு.

மச்சான் வரும் வரை ஒரு வழி சொல்கிறேன். உங்களிடம் மீன் நிறுக்கும் தராசு இருக்கும் அல்லவா, கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் வகை? ரிங் ஸ்பேனரில் நட்டின் நடுவிலிருந்து சரியாக 20 சென்ரிமீற்றரில் ஒரு அடையாளம் போட்டு, அந்த இடத்தில் உறுதியான கயிற்றைக் கட்டி, தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கோ. 12 கிலோ காட்டும்போது நிறுத்துங்கோ. 12ஐ 9.8ஆல் பெருக்கி 0.2ஆல் பெருக்கினால் 23.5. அவ்வளவுதான் டோர்க். சரிந்து இழுத்தால் கணக்குப் பிழைக்கும், செங்குத்து முக்கியம்.

மாங்குளம் சந்தி

தராசு யோசனை நன்றாக இருக்கிறது தம்பி. நான் ஸ்பேனரைக் கிட்டப் பிடிக்கச் சொன்னதும் அதே கணக்குத்தான் போல. ஆனால் பழைய வொஷரைத் திருப்பிப் போட்டால் என்ன? இங்கே கடைகளில் சரியான வொஷர் எப்போதும் கிடைப்பதில்லை.

தாய்சேய் ஸ்கூட்டி

அண்ணா, நான் குடும்பநல உத்தியோகத்தர், துணுக்காய்ப் பக்கம் வேலை. வீடு வீடாகப் போக ஸ்கூட்டிதான் துணை. என் வண்டியிலும் அடியில் ஒயில் சொட்டுகிறது. காட்டியபோது ஒருவர் வெள்ளை டெஃப்லோன் நாடாவை மரையில் சுற்றிவிட்டார், இன்னொருவர் ரியூப் ரப்பரில் வளையம் வெட்டிப் போட்டார். இரண்டும் கொஞ்ச நாள்தான் தாங்கியது. வயிற்றுப்பிள்ளைத்தாய்மாரைப் பார்க்கப் போகிற வண்டி, இடையில் நின்றால் எனக்குப் பெரிய கவலை. ஸ்கூட்டிக்கும் இதே 24தானா?

விசுவமடு ஸ்பேனர்

தங்கச்சி, நாடாவையும் ரப்பரையும் முதலில் கழற்றச் சொல்லுங்கோ. அந்த நாடா தண்ணிக் குழாய்க்கு உரியது. மரையை வழுக்கவைக்கும், அதனால் அதே பலத்தில் இறுக்கினாலும் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். அதன் நூல்கள் பிய்ந்து உள்ளே போனால் ஒயில் வலையில் போய்ச் சிக்கும். ரியூப் ரப்பர் சூடான ஒயிலில் ஊறி வீங்கி, பிறகு பிதுங்கி வந்துவிடும்.

சொட்டும் ஒயில் நட்டிலிருந்துதான் வருகிறது என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். மேலே உள்ள ஒரு மூடியின் கேஸ்கட்டில் கசிந்தாலும் ஒயில் வழிந்து கடைசியில் அடியில் உள்ள நட்டில்தான் தொங்கும். எஞ்சினைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடமெல்லாம் முகப்பவுடரைத் தூவிவிட்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கோ. ஒயில் புறப்படும் இடத்திலிருந்து பவுடர் நனைந்து கோடு போடும்.

அளவைப் பற்றி: ஸ்கூட்டியில் இரண்டு இடத்தில் ஒயில் இருக்கிறது. எஞ்சின் ஒயில் ஒன்று, பின் சில்லுப் பக்கம் கியர் ஒயில் ஒன்று. கியர் பக்கத்துப் போல்ட் சின்னது, எஞ்சின் நட்டின் அளவை அதற்குப் போடக்கூடாது. சில மொடல்களில் அடியில் வலையும் ஸ்பிரிங்கும் உள்ள பெரிய மூடி இருக்கும். பெரிதாக இருப்பதால் பலமாக இறுக்குவார்கள், அதன் மரை மெல்லியது, அதிகம் போவதும் அதுதான். உங்கள் மொடலின் புத்தகத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனி அளவு இருக்கும். மொடலைச் சொன்னால் என்னிடம் உள்ளதைப் பார்த்துச் சொல்கிறேன். 6 மில்லிமீற்றர்ப் போல்ட்டுகளுக்கு ஹொண்டா அட்டவணையில் 10தான். இப்படிச் சின்ன அளவுக்கு 5 முதல் 25 வரையான கால் இஞ்சி ரெஞ்ச்தான் சரி.

மாங்குளம் அண்ணை, அலுமினிய வொஷரைத் திருப்பிப் போடுவதை நான் செய்வதில்லை. அது ஒருமுறை நசிந்து தட்டையாகிவிட்டது, இரண்டாவது முறை நசிய அதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வவுனியாப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி 12 மில்லிமீற்றர் வொஷர் ஒரு பக்கெற் எடுத்து வைத்திருக்கிறேன். விலை ஒரு தேத்தண்ணிக் காசும் வராது.

பழைய எம்டி 90

பிள்ளைகள், வொஷர் பற்றிக் கதை வந்ததால் சொல்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் என்னிடம் ஹொண்டா எம்டி 90 ஒன்று இருந்தது. பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய நாட்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து ஒயில் தண்ணி மாதிரிப் போய்விடும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். அப்போது வொஷருக்கு எங்கே போவது? செப்பு வொஷர் கிடைத்தவர்கள் அதைப் பொன் போல வைத்திருந்தோம்.

செப்பு நசிந்து நசிந்து கடினமாகிவிடும். அதைக் கம்பியில் கோத்து, சிரட்டைக் கரி நெருப்பில் மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சி, தண்ணியில் போட்டுவிட்டால் மீண்டும் மெதுவாகிவிடும். இருட்டான இடத்தில் வைத்துக் காய்ச்ச வேண்டும், வெயிலில் அந்தச் சிவப்புத் தெரியாது. பிறகு மேலே பிடித்த கரியைத் தேய்த்துத் துடைத்துப் போடலாம். இரும்பைத்தான் காய்ச்சித் தண்ணியில் போட்டால் கடினமாகும், செப்பு அப்படி இல்லை. அலுமினிய வொஷரில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள், சிவப்பு வர முன்னமே உருகி விழுந்துவிடும்.

இப்போது புதிது கிடைக்கிறது, புதிதைப் போடுங்கோ. கிடைக்காத நாளில் இது உதவும்.

ஒட்டுசுட்டான் மீன்பெட்டி

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஐயா சொன்ன செப்பு விசயத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

விசுவமடுத் தம்பி, நீங்கள் சொன்ன வெள்ளைப் பொருக்கு அப்படியே இருந்தது. சுரண்டத் தகடு தகடாக விழுந்தது. ஒயிலை வடித்து, வொஷர் இல்லாமல் நட்டைச் சுற்றி ரோச் அடித்துப் பார்த்தேன். சுற்றிவர ஒரே மாதிரி ஒட்டி நிற்கிறது, கடதாசி எங்கேயும் நுழையவில்லை. பட்டறைக்காரர் துளையை நேராகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் முகத்தைத் தடவும்போது ஒரு மெல்லிய வளையம் கைக்குத் தட்டுப்பட்டது. கத்தி நுனியால் மெதுவாகக் கிளப்ப, தேய்ந்துபோன பழைய வொஷர் ஒன்று! கழுவித் துடைத்துப் புது வொஷர் போட்டு, தராசில் 12 கிலோ வரும் வரை இழுத்தேன். என் மகன் தராசைப் பார்த்துச் சொல்ல, நான் இழுத்தேன். அந்த இழுவை எவ்வளவு குறைவு என்று ஆச்சரியமாக இருந்தது. நான் என் பாட்டுக்கு இறுக்கியிருந்தால் நிச்சயம் இன்னும் இழுத்திருப்பேன். இப்போது காலையில் நட்டின் தலை காய்ந்தபடி இருக்கிறது.

மச்சானிடம் மூன்றெட்டு, 10 முதல் 60 என்று சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். புது ரெஞ்ச் சரியாக அளக்கிறதா என்று இங்கே எப்படிப் பார்ப்பது? பெட்டித் தண்ணி எஞ்சினுக்கு வராமல் என்ன செய்யலாம்?

விசுவமடு ஸ்பேனர்

அண்ணை, அதே தராசுதான். ரெஞ்சில் 24 வைத்து, இறுகிய ஒரு பெரிய நட்டில் மாட்டுங்கோ, பின் சில்லு அச்சு நட் நல்லது. அது 24க்கு அசையாது. ரெஞ்சின் தலை நடுவிலிருந்து கைப்பிடி நடு வரை அளந்து பாருங்கோ. 30 சென்ரிமீற்றர் என்றால், அந்தக் கைப்பிடி நடுவில் தராசைக் கொழுவி இறுக்கும் பக்கமாகச் செங்குத்தாக இழுக்கும்போது 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே டிக் கேட்க வேண்டும். நீளம் வேறு என்றால் 2.45ஐ மீற்றரில் உள்ள நீளத்தால் பிரித்தால் கிலோ வரும். கொஞ்சம் முன்பின் இருந்தால் தராசின் பிழையாகவும் இருக்கலாம். 8க்குப் பதில் 11, 12 என்று போனால் அந்த ரெஞ்சை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கோ. வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி, அதற்குக் கீழே போகாமல், பெட்டியில் வைக்க வேண்டும். மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உப்புக் காற்று பிடித்தால் உள்ளே துரு ஏறும்.

தண்ணிக்கு: பெட்டியின் அடி மூலையில் ஒரு துளை போட்டு, அதில் பிளாஸ்டிக் குழாய் செருகி, சில்லுக்குப் பின்னால் நிலத்தை நோக்கி விடுங்கோ. மட்காட்டுக்கு வெளியே விழ வேண்டும், ரயரில் படக்கூடாது, வழுக்கும். வியாபாரம் முடிந்து வந்ததும் எஞ்சின் ஆறிய பிறகு நல்ல தண்ணியால் அடிப்பக்கத்தை ஒருமுறை கழுவிவிட்டால் அந்தப் பொருக்கு வராது. அடுத்த ஒயில் மாற்றும்போது நட்டின் மரையைப் படம் எடுத்துப் போடுங்கோ, ஹெலிகொயில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.